வானம் அளந்த ஊர் – 9: தும்பாவுக்கு மேலே ஒரு சுடாத உலை

1865-இல் ஜான் ஆலன் ப்ரௌன் திருவனந்தபுரத்தை விட்டுப் புறப்பட்டதோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் ஏற்படுத்திய வானாய்வகத்தில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தவர் அவர். 1855-இல் அகத்தியமலை உச்சியிலும் ஒரு நிலையம் அமைத்து, மழையும் காற்றும் யானைப் பயமும் பாராமல் காந்த ஊசியின் அசைவுகளைக் குறித்து வைத்தார். மலைமேல் ஏன் போனார்? உயரம் கூடினால் ஊசியின் அன்றாட ஆட்டம் மாறுகிறதா என்று பார்க்கத்தான்.

அந்த ஆட்டம் விசித்திரமானது. பொழுது விடிந்ததும் ஊசி மெல்ல நகரத் தொடங்கும். உச்சிவேளையை ஒட்டி எல்லைக்குப் போகும். சாயங்காலம் பழைய இடத்துக்கு வந்துவிடும். இரவில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சூரியன் தன்னைத்தானே சுற்றிவரும் கால அளவிலேயே காந்தக் கலக்கங்களும் திரும்பத் திரும்ப வருவதை ப்ரௌன் கண்டுகொண்டார். ஆக, சூரியனுக்கும் ஊசிக்கும் தொடர்பு உண்டு. ஆனால் பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சூரியன் திருவனந்தபுரத்து ஊசியை எந்தக் கையால் தொடுகிறது? இதற்கு அவர் காலத்தில் பதில் இல்லை. அகத்தியமலையின் உயரம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. ஊசியை ஆட்டிவைத்த சங்கதியோ நூறு கிலோமீட்டருக்கு மேலே இருந்தது. மலை ஏறியதால் அதை நெருங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.

ப்ரௌன் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1882-இல், பால்ஃபர் ஸ்டூவர்ட் என்ற இயற்பியலாளர் துணிந்து ஒரு ஊகத்தை முன்வைத்தார்: மேல் வளிமண்டலத்தில் மின்சாரம் பாய்கிறது, அந்த மின்னோட்டம்தான் தரையிலுள்ள ஊசியை அசைக்கிறது. காற்று மின்சாரத்தைக் கடத்தாதே என்று அன்று கேட்டிருக்கலாம். 1901-இல் மார்க்கோனியின் வானொலி அலை அட்லாண்டிக்கைத் தாண்டியது. மறு ஆண்டே கென்னலியும் ஹெவிசைடும் அந்த அலையைத் திருப்பி அனுப்பும் மின்கடத்தும் அடுக்கு ஒன்று மேலே இருக்க வேண்டும் என்றார்கள். 1924-இல் ஆப்பிள்டன் அந்த அடுக்கைச் சோதனை செய்தே காட்டினார். இந்தியாவில் கல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா இந்தத் துறைக்கு ஒரு பள்ளியையே உருவாக்கினார்.

இதற்கிடையே தென் அமெரிக்காவிலிருந்து ஒரு புதிர் வந்தது. பெரு நாட்டின் ஹுவான்காயோவில் 1922-இல் தொடங்கிய காந்த ஆய்வகத்தில் பகல்நேர ஆட்டம் மற்ற ஊர்களைவிட மிக அதிகமாக இருந்தது. ஹுவான்காயோ பூமியின் காந்த நடுக்கோட்டில் இருக்கிற ஊர். அங்கே காந்தக் கோடுகள் மேலோ கீழோ சாயாமல் தரைக்கு இணையாக, தெற்கிலிருந்து வடக்காகக் கிடக்கும். இந்தக் கோட்டின்மேல் ஒடுங்கிய பட்டையாக ஓடும் மின்னோட்டத்துக்கு 1951-இல் சிட்னி சாப்மன் பெயர் வைத்தார். தமிழில் அதை நடுக்கோட்டு மின்தாரை என்கிறோம்.

அதே கோடு இந்தியாவின் தென்முனையையும் தொட்டுச் செல்கிறது. சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி 1957-இல் திருவனந்தபுரத்திலும் சிதம்பரத்துக்குப் பக்கத்து அண்ணாமலைநகரிலும் காந்த ஆய்வகங்கள் தொடங்கப்பட்டன. பம்பாயை அடுத்த அலிபாகில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. மூன்று ஊர்ப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். உச்சிவேளையில் திருவனந்தபுரத்தின் கிடைக் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லாவிலிருந்து ஏறத்தாழ 100 நானோடெஸ்லா எகிறும். அண்ணாமலைநகரில் எகிறல் குறைவு. அலிபாகில் இன்னும் குறைவு. ப்ரௌனின் ஊசி உட்கார்ந்திருந்தது மின்தாரைக்கு நேர் கீழே என்பது நூறு ஆண்டு கழித்துத்தான் ஊர்ஜிதமானது.

சரி, காற்று எப்படி மின்சாரத்தைக் கடத்துகிறது? இந்தக் கேள்வியில்தான் இந்த வாரக் கதையின் உயிர் இருக்கிறது.

திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாக் கடற்கரைக்கு நேர் மேலே 105 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் காற்று, குளிரில் உறைபனிக்கும் பல பத்து டிகிரி கீழே. நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் தரையில் உலை மூட்டினாலும் எளிதில் நடக்காத வேதிவினைகள் அங்கே பகல் முழுக்க நடக்கின்றன. மூலக்கூறுகள் எலெக்ட்ரானை இழக்கின்றன, பிணைப்புகள் அறுகின்றன, தனி அணுக்கள் பிறக்கின்றன, நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து புதுச் சரக்கு உண்டாகிறது. இப்படிக் குளிர்ந்த வாயுவுக்குள் சூடான எலெக்ட்ரான்கள் உலவும் நிலைக்குத்தான் தாழ்வெப்ப பிளாஸ்மா என்று பெயர். நம் வீட்டு டியூப்லைட்டுக்குள் இருப்பதும் அதன் இன்னொரு வகை. எரியும்போது தொட்டால் கை சுடாது. உள்ளே எலெக்ட்ரான்களின் வெப்பநிலையோ பத்தாயிரம் டிகிரிக்கும் மேல்.

ஒரே குழாய்க்குள் இரண்டு வெப்பநிலை எப்படி? எடைதான் காரணம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறு ஓர் எலெக்ட்ரானைவிட ஐம்பதாயிரம் மடங்கு கனம். பாறாங்கல்லில் மோதிய கோலிக்குண்டு தன் வேகத்தோடு தெறித்து ஓடுமே ஒழிய, கல்லை நகர்த்தாது. எலெக்ட்ரானும் அப்படித்தான்: சாதாரண மோதலில் மூலக்கூறுக்கு அது கொடுக்கும் ஆற்றல் சொற்பம். ஆனால் கையில் போதிய ஆற்றல் இருக்கும்போது மோதினால் மூலக்கூறை அதிரவைக்கும், கிளர்ச்சியடையச் செய்யும், உடைக்கும், இன்னோர் எலெக்ட்ரானையும் பிடுங்கும். வாயு முழுவதையும் சூடாக்கிப் பார்ப்பதற்குப் பதிலாக, வேண்டிய இடத்தில் மட்டும் ஆற்றலைச் செலவிடும் வழி இது.

இதில் செலவுக் கணக்கு கறாரானது. அலகு, எலெக்ட்ரான் வோல்ட்: ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும் எலெக்ட்ரான் பெறும் ஆற்றல். அறை வெப்பத்தில் ஒரு மூலக்கூறிடம் சராசரியாக இருப்பது அதில் நாற்பதில் ஒரு பங்கு என்ற ரகம். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைக் கழற்ற 12.1 வேண்டும். ஆக்சிஜன் அணுவுக்கு 13.6. நைட்ரஜன் மூலக்கூறுக்கு 15.6. நைட்ரிக் ஆக்சைடுக்கு மட்டும் 9.3 போதும். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியும் பகுதியால் இதில் ஒன்றும் நடக்காது. எத்தனை வெயில் கொளுத்தினாலும் ஒவ்வொரு ஒளித்துகளிடமும் இரண்டு மூன்று எலெக்ட்ரான் வோல்ட்தான் இருக்கும். நூறு பேரிடம் இரண்டிரண்டு இருந்து பயனில்லை, ஒருவரிடம் பன்னிரண்டு இருக்க வேண்டும். அதனால் வேலை செய்வது 102.7 நானோமீட்டருக்கும் குறுகிய புற ஊதாவும் எக்ஸ் கதிர்களும்தான். ஹைட்ரஜன் உமிழும் 121.6 நானோமீட்டர் ஒளியிடம் இருப்பது 10.2. அது ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் அயனியாக்க முடியாமல் கீழே இறங்கி, எண்பது கிலோமீட்டர் வாக்கில் இருக்கும் அற்ப சொற்ப நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து அயனியாக்குகிறது.

105 கிலோமீட்டரில் ஆக்சிஜன் அயனி பிறந்தபின் என்ன ஆகிறது? அதன் எதிரே இரண்டு பாதைகள். ஒன்று, தன் மின்னேற்றத்தை நைட்ரிக் ஆக்சைடிடம் கைமாற்றிவிடுவது. பள்ளத்தை நோக்கி நீர் ஓடுவதுபோல மின்னேற்றம் எப்போதும் குறைந்த ஆற்றல் தேவைப்படும் இடத்துக்கே போய்ச் சேரும். அதனால்தான் அந்த உயரத்தில், காற்றில் மிக அரிதான நைட்ரிக் ஆக்சைடு, அயனிகளில் மட்டும் பெரும்பங்கு பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது பாதை, திரியும் எலெக்ட்ரான் ஒன்றோடு மறுபடி சேர்வது. சேரும்போது, வாங்கிய 12 எலெக்ட்ரான் வோல்ட்டையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதில் 5.1 மூலக்கூறின் பிணைப்பை அறுக்கச் செலவாகிறது. மூலக்கூறு இரண்டு அணுவாகப் பிளக்கிறது. மிச்சமுள்ள ஏறத்தாழ 7 அணுக்களின் வேகமாகவும் கிளர்ச்சியாகவும் பங்கிடப்படுகிறது. சூரியன் அயனியாக்கக் கொடுத்த முதல், கடைசியில் ஆக்சிஜனை உடைக்கிற வேலையைச் செய்துவிடுகிறது.

ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரு லட்சம் எலெக்ட்ரான்கள் இருக்கும்போது, ஒன்றின் சராசரி ஆயுள் அரை நிமிடம்தான். பல கோடி மூலக்கூறுகளுக்கு ஒரு எலெக்ட்ரான் என்ற விகிதத்தில் இருக்கும் இந்தச் சிறு கூட்டம், ஒவ்வொரு அரை நிமிடமும் அழிந்து மறுபடி பிறக்கிறது. இந்தப் பிளாஸ்மா கிழக்கு நோக்கிய சிறிய மின்புலத்தில் கிடக்கிறது. காந்தக்கோடு வடக்காகப் படுத்திருப்பதால் எலெக்ட்ரான்கள் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றன. அயனிகளோ காற்றின் மோதலில் சிக்கிப் பின்தங்குகின்றன. மேலே எதிர், கீழே நேர் என்று மின்னேற்றம் பிரிந்து நிற்க, முதலில் இருந்ததைவிடப் பல மடங்கு பெரிய மின்புலம் செங்குத்தாக உருவாகிறது. அது எலெக்ட்ரான்களை மேற்கே விரட்டுகிறது. வினாடிக்குப் பல நூறு மீட்டர் வேகம். மின்னோட்டம் கிழக்கே பாய்கிறது. ப்ரௌனின் ஊசியை ஆட்டிய கை இதுதான்.

தாளில் இதெல்லாம் சரி. நேரில் போய்ப் பார்த்தவர் யார்? விமானமும் பலூனும் அந்த உயரத்துக்கு எட்டாது. செயற்கைக்கோள் அங்கே தங்க முடியாது, காற்று இழுத்துக் கீழே தள்ளிவிடும். ராக்கெட் ஒன்றுதான் வழி.

1962-இல் விக்ரம் சாராபாய் தலைமையில் இந்திய தேசிய விண்வெளி ஆராய்ச்சிக் குழு அமைந்தது. சாராபாய் நிறுவிய அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் கே. ஆர். ராமநாதன், பாலக்காடு கல்பாத்திக்காரர், இளமையில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பணி பார்த்தவர். காந்த நடுக்கோட்டில் ஏவுதளத்துக்கு இடம் தேடியவர்கள் தும்பா என்ற மீனவக் கிராமத்தைத் தேர்ந்தார்கள். ஊர் நடுவே புனித மரிய மதலேனாள் தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஞாயிறு பூசைக்கு வந்த மக்களிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் பெற்றார். தேவாலயம் அலுவலகமும் பணிமனையும் ஆனது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த இரண்டு தமிழர்கள் முதல் அணியில் இருந்தார்கள்: ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் ராக்கெட்டைப் பூட்டும் வேலையைப் பார்த்தார். ஆர். ஆராவமுதன் ராக்கெட்டைப் பின்தொடர்ந்து தகவல் வாங்கும் கருவிகளைக் கவனித்தார். இருவரும் அமெரிக்காவில் பயிற்சி முடித்துத் திரும்பிய கையோடு வேலை தொடங்கியது.

1963 நவம்பர் 21, மாலை 6.25. அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது. உள்ளே பிரான்சிலிருந்து வந்த சோடியம் பொதி. அந்த நேரத்தைத் தேர்ந்ததில் சூட்சுமம் உண்டு. தரையில் இருட்டிவிட்டது, நூறு கிலோமீட்டருக்கு மேலே இன்னும் வெயில். உயரத்தில் ஆவியாகச் சிதறிய சோடியம் அணுக்கள் சூரிய ஒளியை விழுங்கி அதே ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில் உமிழ்ந்தன. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மக்கள் அந்த மேகத்தை வெறுங்கண்ணால் பார்த்தார்கள். மேகம் நெளிந்து கலைந்த விதத்தைப் படம்பிடித்து மேல்காற்றின் வேகத்தைக் கணித்தார்கள்.

மேகம் ஊருக்குத் தெரிந்த காட்சி. அடுத்து வந்தவை யார் கண்ணுக்கும் தெரியாத அளவீடுகள். 1964 தொடக்கத்திலேயே அமெரிக்க விஞ்ஞானி லாரன்ஸ் கேஹிலின் குழு புரோட்டான் காந்தமானிகளைத் தும்பாவிலிருந்து அனுப்பியது. பிறகு அகமதாபாத் ஆய்வகத்தின் டி. எஸ். ஜி. சாஸ்திரி அந்த வேலையைத் தொடர்ந்தார். மின்னோட்டப் பட்டைக்குக் கீழே ராக்கெட் இருக்கும்வரை அந்தப் பட்டை பூமியின் காந்தப்புலத்தோடு தன் பங்கைக் கூட்டிக் காட்டும். ராக்கெட் மேலே கடந்துவிட்டால் கழித்துக் காட்டும். ராக்கெட் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டும்போது அளவு புரண்டது. மின்தாரையின் உயரம் ஊகத்திலிருந்து அளவீட்டுக்கு வந்தது.

அதே ஆய்வகத்தின் சத்ய பிரகாஷ் வேறொரு கருவியோடு வந்தார்: லாங்மியூர் துழாவி. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் இர்விங் லாங்மியூர் 1920-களில் பாதரச ஆவிக் குழாய்களுக்குள் இருப்பதை அளக்கக் கண்டுபிடித்தது அது. ராக்கெட் மூக்கில், மற்ற உடம்போடு மின்தொடர்பு இல்லாமல் ஒரு சிறு உலோக முனை. அதற்குச் சில வோல்ட் நேர் மின்னழுத்தம் கொடுத்தால் சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் வந்து விழும். வந்து சேரும் மின்னோட்டம் எத்தனை எலெக்ட்ரான் என்று சொல்லும். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், மின்னோட்டம் ஏறும் செங்குத்தைப் பார்த்து எலெக்ட்ரானின் வெப்பநிலையையும் எடுத்துவிடலாம். குழாய்விளக்கு ஆராய்ச்சிக்குப் பிறந்த கருவி தும்பா வானத்தில் அப்படியே பொருந்தியது, இரண்டிடத்திலும் சரக்கு ஒன்றுதான் என்பதால்.

சத்ய பிரகாஷ் குழுவின் தொலையளவு வரைபடங்களில் கோடு வழுவழுப்பாக இல்லை. மீட்டர் கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் வரை எலெக்ட்ரான் அடர்த்தி அலைபாய்ந்தது. எலெக்ட்ரான்கள் அயனிகளை முந்திக்கொண்டு பிளாஸ்மாவின் ஒலிவேகத்துக்கும் மேலே ஓடினால் கலக்கம் தானே எழும் என்று கோட்பாடு சொல்லியிருந்தது. அடர்த்தி உயரத்தோடு மாறும் இடங்களில் வேறு வகைக் கலக்கம் எழும். இரண்டு வகைக்கும் தும்பா ராக்கெட்டுகள் சாட்சி சொன்னன. சூரியனின் ஆற்றல் அயனியாக்குவதோடு முடியவில்லை. மின்தாரை வழியாகத் திரும்பவும் எலெக்ட்ரான்களுக்குள் போய், பிளாஸ்மாவைக் குலுக்கிவிட்டுத்தான் வெப்பமாகக் கரைகிறது.

இன்னும் மேலே, 250 – 300 கிலோமீட்டரில், கணக்கு வேறு. அங்கே பெரும்பாலும் ஒற்றை ஆக்சிஜன் அணுவின் அயனிகள். உடைய இன்னொரு பாதி இல்லாததால் எலெக்ட்ரானோடு எளிதில் சேர முடியாது. முதலில் ஒரு மூலக்கூறைத் தேடி மின்னேற்றத்தைக் கைமாற்ற வேண்டும். அந்த உயரத்தில் மூலக்கூறு அரிது. அதனால் ஆயுள் மணிக்கணக்கில் நீள்கிறது, இரவிலும் அந்த அடுக்கு அழியாமல் நிற்கிறது. கைமாற்றிய பின் நடக்கும் சேர்க்கையில் பிறக்கும் கிளர்ந்த ஆக்சிஜன் அணு, நிமிடக்கணக்கில் காத்திருந்து 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியை விடுகிறது. கண்ணுக்கு எட்டாத அளவு மங்கலானது. கருவிகள் இரவு முழுக்க அதைப் படிக்கின்றன.

இங்கே ஒரு நுட்பம். ஆக்சிஜன் அணுவின் அயனி நைட்ரஜன் மூலக்கூறோடு வினைபுரிவது சாதாரணமாக மிக மந்தம். ஆனால் அந்த மூலக்கூறு ஏற்கெனவே பலமாக அதிர்ந்துகொண்டிருந்தால் வினை பல மடங்கு விரைகிறது. வாயுவின் வெப்பநிலை கூடாமலே, அதிர்வில் சேமித்த ஆற்றல் கதவைத் திறந்துவிடுகிறது. தொழிற்சாலைக்காரர்கள் இன்று தாழ்வெப்ப பிளாஸ்மாவின்மேல் ஆசை வைத்திருப்பது இதனால்தான். ப்ரௌன் திருவனந்தபுரத்தில் ஊசி பார்த்துக்கொண்டிருந்த 1857-லேயே பெர்லினில் வெர்னர் சீமென்ஸ் மின்சாரத்தால் ஓசோன் தயாரிக்கும் குழாயைச் செய்திருந்தார். துருவ வானின் மின்னோட்டங்களை ஆராய்ந்த நார்வேயின் கிறிஸ்டியான் பிர்க்லாண்ட், 1903-இல் மின்வில்லால் காற்றை எரித்து உரத்துக்கான நைட்ரிக் ஆக்சைடு எடுத்தார். அவர் முறையில் காற்று மொத்தமும் 3,000 டிகிரி சூடாக வேண்டியிருந்தது, மின்சாரச் செலவு தாங்கவில்லை. சூடாக்காமல் அதிரவைத்தே அதைச் சாதிக்க முடியுமா என்று இன்றைய ஆய்வுக்கூடங்கள் முயல்கின்றன.

ஒரு உலையைப் புரிந்துகொள்ள விறகை வெளியே இழுத்துப் பார்ப்பதுதான் நல்ல வழி. 2010 ஜனவரி 15 அப்படி ஒரு வாய்ப்பைத் தந்தது. அன்று கங்கண சூரிய கிரகணம், திருவனந்தபுரத்தில் பகல் ஒன்றே கால் மணி வாக்கில் உச்சம். மின்தாரையின் தலைக்கு மேலேயே, நண்பகலை ஒட்டி, சூரியன் வளையமாகச் சுருங்கியது. ஜனவரி 14, 15 இரு நாளும் நம் நாட்டு ரோகிணி ராக்கெட்டுகள் சீறின, கிரகணம் இல்லாத நாளோடு ஒப்பிட்டுப் பார்க்க. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் அளவீடுகளை எடுத்தது.

எதிர்பார்க்க வேண்டியது என்ன என்பதை மேலே சொன்ன வேதியியலே சொல்லிவிடும். இரண்டு துகள் சந்தித்தால்தான் சேர்க்கை நடக்கும். ஆகவே அழிவின் வேகம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. புற ஊதா நாலில் ஒரு பங்கானால் எலெக்ட்ரான் அடர்த்தி பாதியாகும். அரை நிமிட ஆயுள் என்பதால் கீழ் அடுக்கு கிரகணத்தை உடனுக்குடன் பின்தொடரும். மேல் அடுக்கு சாவகாசமாக, தாமதித்து. ஆனால் அன்று அதையும் மிஞ்சி ஒன்று நடந்தது. மின்தாரை மெலிந்ததோடு நில்லாமல் திசை திரும்பி மேற்கே பாய்ந்தது. ஆற்றல் குறைந்தது ஒரு காரணம் மட்டுமே. காற்றோட்டமும் மின்புலமும் சேர்ந்து புரண்டால்தான் இது நடக்கும்.

ப்ரௌன் ஊசியின் ஆட்டத்தை மட்டும் பார்த்தார். அதன் மூலத்தைத் தேடிப் போனவர்களுக்கு மின்னோட்டம் கிடைத்தது, அதற்குள் வேதியியல் கிடைத்தது, வேதியியலுக்குள் ஒவ்வொரு எலெக்ட்ரான் வோல்ட்டும் எங்கே செலவாகிறது என்ற கணக்கு கிடைத்தது. எவ்வளவு ஆற்றல் வந்தது என்பதைவிட யார் கையில் முதலில் விழுந்தது என்பதே வினையைத் தீர்மானிக்கிறது. தும்பாவின் அரை நூற்றாண்டு அளவீடுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இதுதான்.

இதுவரை சொன்ன ராக்கெட்டுகளில் முதலில் பறந்தவை எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. அந்த நிலை 1967 நவம்பர் 20 அன்று மாறியது. வெறும் 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழலை நம்மவர்கள் அன்று தும்பாவில் ஏவினார்கள். அந்த ஆர்.எச்-75 பிறந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)